சென்னைக்குப் போன தண்ணீர்

நான் எழுதிப் பழகியவள் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்ததோடு சரி. பிறகு வாசித்ததெல்லாம் கடைச் சாமான் பொதிந்து வந்த காகிதங்களும், எப்போதாவது வீட்டுக்கு வரும் பத்திரிகையும்தான். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் ஊர்க் காரியத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் திறந்தார்கள். பந்தல் போட்டு, நாதசுரம் வைத்து, பெரிய மனிதர்கள் வரிசையாகப் பேசினார்கள். சர்க்கார் மானியம் கொடுத்ததையும், ஊர் அதைப் பாடுபட்டு வாங்கினதையும் சொன்னார்கள். முதல் தடவை கேட்டபோது அந்த மானியம் ஏன் வரவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களில் ஒருத்தி நான். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதவில்லை. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

எனக்குக் கல்யாணமான மறுவருஷமே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பிறந்த வீட்டில் தாய் தகப்பன் இல்லை. அக்கா வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அந்த வீட்டு அடுக்களைதான் எனக்கு எல்லாம். அக்காவின் புருஷரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கூப்பிட நேர்ந்தது குறைவு. நிலபுலம் உள்ளவர். முனிசிபாலிட்டியில் மெம்பர். அவர்கள் குடும்பம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் மானேஜர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. இதைப் படிப்பவர்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

அக்காவுக்கு முதலில் இரண்டு பையன்கள். நான் அந்த வீட்டுக்கு வந்த வருஷம் தை மாதம், வாந்திபேதியில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். பெரியவன் போனதை இளையவனிடம் சொல்லவில்லை. அண்ணன் எங்கே என்று அவன் கேட்கும்போதெல்லாம் வயலுக்குப் போயிருக்கிறான் என்றோம். கடைசியில் அவனும் கேட்பதை விட்டுவிட்டான். அடுத்த வருஷம் ஒரு பெண்குழந்தை பிறந்தது. இந்தக் கதையெல்லாம் நடந்தபோது அவளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. அக்கா அவளை இடுப்பை விட்டு இறக்க மாட்டாள்.

எங்கள் ஊரில் குடிக்க, குளிக்க, சாமிக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் ஆறுதான். கிணறுகளில் உப்பு. பெண்கள் தண்ணீர் எடுக்கும் துறைக்குக் கொஞ்சம் மேலே ஊர்ச் சாக்கடை வந்து ஆற்றில் விழும். அதற்கும் மேலே வெளுக்கிறவர்கள் துணி அடிப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள். கரையில் ஆண்கள் எதற்கு ஒதுங்குவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஓடுகிற தண்ணீர்தானே, அடித்துக்கொண்டு போய்விடும் என்று இருந்தார்கள். தை மாதம் ஆற்றில் கூட்டமாகத் தீர்த்தமாடுவார்கள். அதற்குப் பிறகு தெருவுக்கு இரண்டு வீட்டில் அழுகை கேட்கும். அதை ஆற்றோடு சேர்த்து யாரும் பேச மாட்டார்கள்.

பிள்ளைகள் போன பிறகு சேர்த்துப் பேசினவர் அத்தான்தான். எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தார். ஆற்றுத் தண்ணீரைப் பெரிய தொட்டிகளில் மணலும் சரளையும் போட்டு வடித்து, மேட்டில் ஏற்றி, இரும்புக் குழாய் வழியாகத் தெருவுக்குத் தெரு விடலாம் என்றார். செலவில் பாதியைச் சர்க்கார் மானியமாகக் கொடுக்கும், மீதிக்கு ஊர் வரி போட வேண்டும். முனிசிபாலிட்டியில் பேசிப் பேசி எல்லாரையும் சம்மதிக்க வைத்தார். மனு சென்னைக்குப் போயிற்று. குழாய் வந்துவிட்டால் இந்தப் பிள்ளையாவது பிழைக்கும் என்று அக்கா நம்பினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது அதைத்தான் வேண்டிக்கொண்டாள். எனக்குத் தெரியும், முணுமுணுப்பது பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்கும்.

புரட்டாசியில், சர்க்கார் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு துரையும் அவருக்குக் கீழே ஒரு உதவி அதிகாரியும் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆற்றையும் துறையையும் பார்த்து, தண்ணீரைச் சென்னைக்கு எடுத்துப் போய்ச் சோதனை செய்து, அதன் மேல்தான் மானியத்தை முடிவு செய்வார்கள். அன்றைக்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் மெம்பர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

அங்கேதான் அந்தப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மானியம் வாங்கினது எப்படி என்று அத்தான் எடுத்துச் சொன்னார். வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடித்து, மாவிலை கட்டி, நன்றாக வாசிக்கிற பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். மக்குப் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று பெயர். வீட்டிலேயே இருந்துகொள்ள வேண்டும். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதைப் பார்த்துத்தான் மானியம். நான் படித்த பள்ளிக்கூடத்திலும் அதே வழக்கம். வாய் திறக்காத பிள்ளை என்பதால் எனக்கும் அந்தக் காய்ச்சல் வருஷந்தோறும் வந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டபோது எனக்கு அது ஞாபகம் வந்தது.

"சீரழிஞ்சு கெடக்கவனுக்கா சர்க்கார் துட்டு குடுக்கும்?" என்றார் அத்தான். "ஒழுங்கா வச்சுக்கிட்டு இருக்கவனுக்குத்தான் குடுக்கும். பள்ளிக்கூடத்துல பாத்தோம்லா. ஆத்தையும் அப்படித்தான் காட்டணும்."

அண்ணாச்சி சொன்னார்: "நம்ம ஆத்துத் தண்ணியை நாலு சொம்பு குடிச்சா துரைக்கே தமிழ் வந்துரும் வே."

எல்லாரும் சிரித்தார்கள். முடிவும் ஆகிவிட்டது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அவர்கள் யாரும் ஊரை ஏமாற்ற நினைக்கவில்லை. மானியம் என்று ஒன்றை அவர்கள் கண்டது பள்ளிக்கூடத்தில்தான். அந்த வழியையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் அத்தானுக்குச் சோறு போடும்போது அக்கா பேசினாள். நான் ரசம் எடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா பொதுவாகச் சாப்பாட்டு வேளையில் எந்தப் பேச்சையும் எடுக்க மாட்டாள்.

"வைத்தியர் வந்து நாடி பாக்கும்போது, நான் நல்லாத்தான் இருக்கேன்னு யாரும் சொல்லுவாவளா?" என்றாள்.

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்லுத?"

"ஆறு நல்லா இருக்குன்னா குழாய் எதுக்குன்னு கேக்க மாட்டாவளா? இருக்கதை இருக்கபடியே காட்டுங்க."

அத்தான் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, இதெல்லாம் சர்க்கார் காரியம், வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியாது என்று பைய சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கா ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

துரை வருவதற்கு முன்னால் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சாக்கடை வாய்க்கு மண் அணை போட்டு, தண்ணீரை ஒரு தோப்புக்குள் திருப்பிவிட்டார்கள். கரையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து ஆற்றுமணல் பரப்பினார்கள். படிகளைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். வாழை கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் கட்டினார்கள். மாடு குளிப்பாட்டக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். வெளுக்கிறவர்கள் ஆற்றுப் பக்கமே வரக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வெளுக்கிறவள் அழுக்கெடுக்க வந்தவள், மூட்டையைத் தொடாமலே நின்றாள்.

"துரை போற வரைக்கும் ஊரு அழுக்கை ஊருக்காரவளே வச்சுக்கிடுங்க தாயி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் வீட்டில் அந்த நாட்களுக்கு என்ன பொங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் போதாதென்று, துரை குடிப்பதற்கு மேலே சேரன்மகாதேவிக்கும் அப்பாலிருந்து, ஆறு பாறையில் விழுந்து வருகிற இடத்திலிருந்து, மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு ஆயிற்று. புளி போட்டுத் துலக்கின செம்பு அண்டாக்கள், வாய்க்குப் புது வேட்டி கட்டி, எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் வந்து இறங்கின. அந்தத் தண்ணீரை நான் பார்த்தேன். அடியில் செம்பின் சிவப்பு அப்படியே தெரிந்தது. குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாருமே இல்லை என்றாள். தண்ணீர் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

துரை ஒரு சாயங்காலம் வந்தார். நான் பார்க்கவில்லை. என்னைப் போன்றவர்கள் அன்றைக்கு வாசல் பக்கம் வரக் கூடாது. அவர் தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, குனிந்து ஆற்றில் கையை நனைத்துப் பார்த்தார் என்று பேசிக்கொண்டார்கள். மாலை போட்டுக்கொண்டார். அண்டாத் தண்ணீரை வெள்ளித் தம்ளரில் கொடுத்தபோது குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாராம். அண்ணாச்சி அதை ஒரு மாதம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் துரையும் உதவி அதிகாரியும் வடிகட்டும் தொட்டி கட்டுவதற்கு இடம் பார்க்க விடியும்போதே மேல்கரைக்குப் போய், அப்படியே ரயிலடிக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் முதல் நாள் இரவே உதவி அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மரப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார். வடக்கத்தித் தமிழ் பேசுகிற, ஒல்லியான மனிதர். பெட்டிக்குள் கண்ணாடிக் குப்பிகள், மரத்தூளில் பதித்து வைத்திருந்தார்கள். சென்னையில் கொதிக்க வைத்து மூடினவை, நிரப்புகிற வேளை வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது என்றார். மறுநாள் காலையில், பெண்கள் தண்ணீர் எடுக்கிற நேரத்தில், எடுக்கிற அதே இடத்தில் நிரப்பி ரயிலடிக்கு அனுப்பிவிடச் சொன்னார். அத்தான் பெரிய மனிதர், மெம்பர், பள்ளிக்கூட மானேஜர். அவரிடம் ஒப்படைத்தால் சரியாக நடக்கும் என்று நினைத்தார்.

காலையில் அத்தான் குளித்து, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு இரண்டாம் கட்டில் வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சியும் வந்திருந்தார். குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அண்டாத் தண்ணீரைப் புது வேட்டித் துணியில் வடித்து நிரப்பினார். சாமிக்கு அபிஷேகம் செய்கிறவர் மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் செய்தார். ஒரு துளி பச்சைக் கற்பூரம் போடலாமா என்று யோசித்தார். சோதிக்கிறவன் மருந்து என்று நினைத்துவிடுவான் என்று அண்ணாச்சி தடுத்தார்.

அக்கா தூணோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி இருந்ததால் அவள் பேச முடியாது. அவர் முற்றத்துப் பக்கம் போன சமயத்தில் மட்டும், "துறைத் தண்ணியைத்தானே கேட்டாவ" என்றாள்.

"அதே ஆறுதானே இது?" என்றார் அத்தான். "நம்ம தண்ணி பட்டணத்துக்குப் போகுது. நாலு பேரு பாக்கப் போறாவ. சாக்கடையையா அனுப்பச் சொல்லுத?"

அக்கா உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஒரு காலி மருந்துக் குப்பியை எடுத்தாள். பையன்களுக்கு மருந்து வந்த குப்பி அது. அதைக் கொதிநீரில் கழுவினாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். துரை மேல்கரைக்குப் போனதுமே மாடுகள் திரும்பி வந்துவிட்டன. மண் அணையையும் எடுத்துவிட்டார்கள், தோப்புக்காரர் சத்தம் போட்டார் என்று. அக்கா வழக்கமாக எல்லாரும் எடுக்கிற இடத்தில் குப்பியை முக்கி எடுத்து, தக்கை வைத்து, மெழுகு உருக்கி ஊற்றி மூடினாள். பெட்டியை ரயிலடிக்குக் கொண்டுபோகிற வண்டிக்காரரிடம் அதையும் கொடுத்தாள். இதுதான் துறைத் தண்ணீர், இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த அதிகாரியிடம் சொல்லச் சொன்னாள். அவள் வீட்டை விட்டு வெளியே அனுப்பிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

வண்டிக்காரர் திரும்பி வந்தபோது அத்தான் வாசலில் நாலு பேரோடு நின்றுகொண்டிருந்தார். வண்டிக்காரர் குப்பியை நேரே அவரிடமே நீட்டினார். சென்னையிலிருந்து வந்த குப்பிகளில் நிரப்பினதுதான் செல்லும், கண்ட குப்பியில் வந்ததைச் சோதனைச் சாலையில் வாங்க மாட்டார்கள், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமானால் முனிசிபாலிட்டி மூலமாக எழுதச் சொல்லுங்கள் என்று அதிகாரி மரியாதையாகவே சொல்லி அனுப்பியிருந்தார். வண்டிக்காரர் அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

அத்தான் உள்ளே வந்து குப்பியை அடுக்களை வாசற்படியில் வைத்தார்.

"ஊரைக் காட்டிக் குடுக்கப் பாத்துட்டியே" என்றார்.

அக்கா குப்பியை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்தாள்.

அன்று முதல் அவள் தண்ணீரைக் காய்ச்ச ஆரம்பித்தாள். பெட்டி கொண்டுவந்த அன்றைக்கு அந்த உதவி அதிகாரி, குழாய் வரும் வரையிலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் நல்லது என்று அத்தானிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் அப்போது அது யாருக்கும் பழக்கமில்லை. நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் வெந்நீர். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் செத்த தண்ணீர் என்பார்கள். குழந்தை முதலில் துப்பினாள். பிறகு பழகிக்கொண்டாள். அத்தான் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். குப்பி விஷயத்துக்குப் பிறகு இதையும் தடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். விறகு சீக்கிரம் தீர்ந்தது. அதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. தானும் அந்தத் தண்ணீரையே குடித்தார்.

கார்த்திகை கடைசியில் சென்னையிலிருந்து பதில் வந்தது. அத்தான் கூடத்தில் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. தண்ணீர் மிகவும் சுத்தமாக இருக்கிறது, இவ்வளவு நல்ல ஆற்றுத் தண்ணீரை அபூர்வமாகவே பார்த்திருக்கிறோம், துறைகளும் மெச்சத்தக்கபடி பராமரிக்கப்படுகின்றன என்று எழுதியிருந்தது. ஆகவே மானியத்துக்கு இப்போது அவசியமில்லை. தண்ணீர் கெட்டுப்போன ஊர்கள் பல இருக்கின்றன, முதலில் அவற்றுக்கு. எங்கள் ஊர் மனுவைப் பிறகு பார்க்கலாம்.

அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. போனவர்கள் அவருக்கும் பிள்ளைகள்தானே. குழாய்க்காக அலைந்ததெல்லாம் அதற்குத்தான். மானியம் போனதில் அக்காவை விட அவருக்குத்தான் அடி அதிகம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ஆனால் ஊர் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. வரி போடப் போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு நிம்மதி. மற்றவர்களுக்குப் பெருமை. சர்க்காரே நம் ஆற்றைப் போல் ஆறு கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. முனிசிபாலிட்டிக் கூட்டத்தில் அதை வாசித்துக் கைதட்டினார்கள். கோயிலில் பேசினார்கள், கடைத்தெருவில் பேசினார்கள். சீவலப்பேரியிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர், எங்கள் ஊரைத் தாண்டித்தானே உங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிறது, அதுவும் சுத்தம்தான் என்று யாரோ சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அத்தானைப் புகழ்ந்தார்கள். நாள் ஆக ஆக அவரும் மறுத்துச் சொல்வதை விட்டுவிட்டார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார். அண்டாத் தண்ணீரைக் குப்பியில் நிரப்பி அனுப்பினது அவர் கையாலேயே நடந்த காரியம். அது அவருக்கு மறந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஆறுதானே என்று அன்றைக்குச் சொன்னாரே, அதை அவரே நம்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி கூடத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்க வீட்டுல ஆத்துக்கே கஷாயம் வைக்காவளாமே வே, நெசமா?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அத்தானும் சிரித்தார். அவர்கள் போன பிறகு அடுக்களைக்கு வந்தார். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"இனி இது வேண்டாம்" என்றார். "சர்க்கார் சுத்தம்னு எழுதிக் குடுத்த தண்ணியை மெம்பர் வீட்டுலயே காய்ச்சினா ஊரு என்ன சொல்லும்?"

அக்கா மாடத்திலிருந்து அந்தக் குப்பியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி படர்ந்து, அடியில் கறுப்பாக ஏதோ தங்கியிருந்தது. "இதைக் குடிக்கவா சொல்லுதீய?" என்று கேட்டாள்.

அத்தான் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "மூடி வச்சு நாள்பட்டா எந்தத் தண்ணியும் இப்படித்தான் ஆவும்" என்றார்.

அது உண்மைதானா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அத்தான் பானையை அவரே துணி பிடித்து இறக்கி வைத்தார். மண்பானையிலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஒரு தம்ளரில் மொண்டு குழந்தைக்குக் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இது நன்றாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நாள் அக்கா பின்கட்டில் மறைவாகக் காய்ச்சிப் பார்த்தாள். குழந்தை அந்தத் தண்ணீரைத் தொட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். புகையும் காட்டிக்கொடுத்தது. பிறகு நின்றுவிட்டது.

தை பிறந்தது. ஆற்றில் தீர்த்தமாட எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். ராதாபுரம் பக்கத்துக் காட்டு ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் கரையிலேயே சமைத்துச் சாப்பிட்டு, கரையிலேயே தங்கி, கரையிலேயே எல்லாம் செய்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன சில நாட்களில் முதல் சாவு ஆற்றங்கரைத் தெருவில். அடுத்தது அண்ணாச்சி வீட்டில், அவருடைய மருமகள். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச காலம் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு காலையில் குழந்தை எழுந்திருக்கும்போதே வாந்தி எடுத்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேரே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பானையை ஏற்றினாள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து, விரல் நுனியெல்லாம் ஊறவைத்த மாதிரி சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மருந்து கொடுத்துவிட்டு, தண்ணீர் அதிகம் கொடுக்க வேண்டாம், ஒரு கரண்டியால் நாக்கை நனைத்தால் போதும் என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் வாய்விட்டுக் கேட்டாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

அத்தான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். விளக்கேற்றும் நேரத்தில் வந்து எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழந்தையின் உதட்டைப் பார்த்தார்.

"கேக்காள்லா, குடேன்" என்றார்.

அக்கா ஆறின பானையிலிருந்து ஒரு தம்ளர் கொண்டுவந்து நீட்டினாள். அத்தான் அதைக் கையில் வாங்கினார். வாயருகே கொண்டு போனவர் நிறுத்திவிட்டு, அக்காவைப் பார்க்காமலே கேட்டார்.

"காய்ச்சினதுதானே?"

"ஆமா" என்றாள் அக்கா.

தலையைத் தூக்கிப் பிடித்து அவரே புகட்டினார். ஒரு வாய் உள்ளே போனது. மீதி கழுத்து வழியாக வழிந்து என் மடியை நனைத்தது. கொஞ்ச நேரம் அந்தத் தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் குழந்தையைப் புதைத்துவிட்டு வருவதற்குள் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து எங்கள் வாசலிலும் துறைப் படியிலும் சுண்ணாம்புத்தூள் போட்டுவிட்டுப் போனார்கள்.